களையைத் தின்னும் பூச்சி: தீவுக்கு நண்பனா, புதிய விருந்தாளியா?

திக்லிபூர்: வயலிலும் தோப்பிலும் களையெடுக்கும் வேலை என்றைக்கும் முடிவதில்லை. வெட்டினால் துளிர்க்கிறது. மருந்தடித்தால் சில மாதங்களில் மீண்டும் தலை காட்டுகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் அந்தமானில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. இந்நிலையில், களையை மட்டுமே தின்று வாழும் ஒரு பூச்சியை ஏவி விட்டால் என்ன என்ற கேள்வி விவசாயிகளிடையே எழுவது இயற்கையே. கேட்பதற்கு இது மந்திரம்போல் தோன்றினாலும், விஷயம் புதிதல்ல. உலகத்துக்கே இதில் முதல் பாடம் கற்பித்தது நமது நாடுதான். ஆயினும், தீவு என்பது தாயகத்து நஞ்சை நிலம் போன்றதன்று. ஒரு முறை உள்ளே வந்த உயிரைத் திருப்பி அனுப்ப வழி கிடையாது. ஆகவே இந்த யோசனையின் நன்மை, தீமை இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

செடி வந்தது, பகைவன் வரவில்லை

திக்லிபூர் என்றால் நெல்லும் ஆரஞ்சும் நினைவுக்கு வரும். தீவுகளின் உயர்ந்த சிகரமான 732 மீட்டர் சாடில் பீக்கின் அடிவாரத்தில், கல்போங் ஆற்றின் போக்கில் அமைந்த ஊர் இது. 1950-களில் கிழக்கு வங்காள அகதிகள் குடியேற்றப்பட்டு, காடு திருத்தி நிலமாக்கப்பட்டது. பின்னர் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களும் இங்கே தோப்பு வேலை, கட்டட வேலை, கடை, அலுவலகம் என்று காலூன்றினர்.

காடு திறந்த இடங்களில் எல்லாம் நுழைகின்ற அன்னியச் செடிகள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, கேரளத்தில் "கம்யூனிஸ்ட் பச்சை" என்று அழைக்கப்படும் குரோமோலீனா. ஆளுயரத்துக்கு மேல் புதராக வளர்ந்து, காற்றில் பறக்கும் விதைகளால் பரவுவது. மற்றது மிக்கானியா என்னும் கொடி. கேரளத்தார் இதற்குத் "திருதராஷ்டிரப் பச்சை" என்று பெயர் வைத்திருக்கின்றனர். தழுவியே கொல்வதால் வந்த பெயர். தென்னங்கன்று, பாக்கு, வாழை எதுவாயினும் மேலே படர்ந்து மூடி, வெளிச்சத்தை மறைத்துவிடும்.

இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களைச் சேர்ந்தவை. அங்கே இவை இவ்வளவு அட்டகாசம் செய்வதில்லை. காரணம் எளிது. சொந்த மண்ணில் இலையைத் தின்ன ஒரு புழு, தண்டைத் துளைக்க ஒரு வண்டு, விதையைக் கெடுக்க ஓர் ஈ, வாடச் செய்ய ஒரு பூஞ்சணம் என்று பகைவர்கள் பலர் உண்டு. கப்பலேறி வந்தது செடி மட்டும்தான். பகைவர்கள் அங்கேயே தங்கிவிட்டனர். தடுப்பார் இல்லாத இடத்தில் செடி தலைவிரித்தாடுகிறது. அந்தப் பகைவர்களில் நம்பத்தக்க ஒருவனைத் தேடிப் பிடித்து இங்கே அழைத்து வருவதே உயிரியல் முறைக் களைக் கட்டுப்பாடு எனப்படுவது.

முதல் வெற்றி நம் மண்ணில்

தென் மாவட்டங்களிலிருந்து வந்த வாசகர்களுக்கு சப்பாத்திக் கள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாகதாளி என்றும் இதைக் கூறுவார்கள். இதுவும் அமெரிக்கச் செடியே. இதன்மேல் வாழும் ஒரு வகைப் பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் கிடைக்கும். கொச்சினீல் எனப்படும் அந்தச் சாயத்துக்கு அன்றைய ஐரோப்பாவில் நல்ல விலை. ஸ்பானியர்களின் ஏகபோகத்தை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி இதில் ஆர்வம் காட்டியது. மதராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் ஜாதி அல்ல. அதன் காட்டு உறவினன். சாயத் தொழில் படுத்துவிட்டது. ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைக் கூண்டோடு அழித்துக்கொண்டு போயிற்று. இதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்து கள்ளிமேல் விட்டனர். 1865-ஐ ஒட்டி இலங்கைக்கும் அது அனுப்பப்பட்டது. களையை ஒழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் சென்றதில் இதுவே முன்னோடி என்று அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர்.

கதை இத்துடன் முடியவில்லை. தென்னாட்டில் வேறொரு கள்ளி ஜாதியும் இருந்தது. பழைய பூச்சி அதைத் தொடவே இல்லை. அதற்கென வேறு ஜாதிப் பூச்சி 1926-ல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியின் பிடியிலிருந்து விடுபட்டது. அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில் அர்ஜென்டினாவிலிருந்து சென்ற ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் கள்ளிக் காட்டைத் தின்று தீர்த்தன. அங்கே கள்ளி பிடித்திருந்த நிலம் 6 கோடி ஏக்கர். நன்றிக்கடனாக குவீன்ஸ்லாந்தின் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

கள்ளி கற்பித்த பாடம் ஒன்று உண்டு. நம் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு கள்ளிகளைப் பூச்சி வெவ்வேறாகப் பார்க்கிறது. தனக்கு விதிக்கப்பட்ட செடியைத் தவிர வேறெதையும் அது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்த முறைக்குப் பாதுகாப்புத் தருவதும் இந்தக் குணம்தான்; ஆளை ஏமாற்றுவதும் இதே குணம்தான்.

குட்டநாட்டில் கூன்வண்டு

இதை மெய்ப்பித்தது சல்வீனியா என்னும் நீர்க்களை. கேரளத்தில் "ஆப்பிரிக்கன் பாயல்" என்று பெயர் பெற்ற இது, குட்டநாட்டுக் கால்வாய்களையும் நெல் வயல்களையும் கம்பளம் விரித்தாற்போல் மூடியது. படகு போக முடியவில்லை. சில இடங்களில் சாகுபடியையே கைவிட்டனர். உலகின் பல நாடுகளில் இதே தொல்லை. தென் அமெரிக்காவிலிருந்து பூச்சி கொண்டு வந்து விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பின்னர்தான் உண்மை தெரிந்தது. அவர்கள் நினைத்திருந்த செடி வேறு, வயலில் இருந்த செடி வேறு. 1972-ல் இது தனி ஜாதி என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பிரேசிலில் சரியான செடியைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வாழ்ந்த சின்னஞ்சிறு கூன்வண்டை எடுத்து வந்து, 1980-ல் ஆஸ்திரேலியாவில் மூன்டாரா என்ற ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் ஆவதற்குள் ஏரி சுத்தமாயிற்று. இதற்காக அந்நாட்டு விஞ்ஞானிகளுக்கு 1985-ல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

அந்த வண்டு 1982-ல் பெங்களூருக்கு வந்தது. சோதனைகளுக்குப் பின் அங்கே ஓர் அல்லிக்குளத்தில் விடப்பட்டது; ஓராண்டுக்குள் குளம் தெளிந்தது. கேரளத்தில் விடப்பட்ட சில ஆண்டுகளில் பல கால்வாய்கள் மீண்டும் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தன. வயலில் ஹெக்டேருக்கு 235 ரூபாய் வீதம் சல்வீனியாவை அள்ளுவதற்கு ஆகிவந்த செலவு மிச்சமாயிற்று என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். ஆகாயத் தாமரைக்கும் 1983-ல் இருவகைக் கூன்வண்டுகள் பெங்களூரில் கொண்டு வந்து விடப்பட்டன.

சுமத்ரா வரை வந்த ஈ

நமக்கு அக்கரையான குரோமோலீனாவுக்கும் பூச்சிகள் உண்டு. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது இலையைத் தின்னும் ஒரு கம்பளிப்புழு. இந்தியாவில் 1970-களில் செய்த முயற்சி சரிவர அமையவில்லை. இலங்கையிலிருந்து 1984-ல் மீண்டும் தருவித்த பின்னரே ஓரளவு காலூன்றியது. ஆனால் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் 1985-ல் விடப்பட்ட இதே புழு பெரும் வெற்றி கண்டது. அந்தப் பணியில் முன்னின்றவர் குவாம் பல்கலைக்கழகத்தில் இருந்த முனியப்பன் என்ற பூச்சியியல் அறிஞர்.

இரண்டாவது, ஒரு சிறிய ஈ. பெண் ஈ செடியின் நுனிக்குருத்தில் முட்டையிடும். புழு உள்ளே புகுந்ததும் தண்டில் முடிச்சுபோல் ஒரு வீக்கம் உண்டாகிறது. செடியின் சத்து முழுவதும் அந்த முடிச்சுக்கு இழுக்கப்படுகிறது. கிளை வளர்ச்சி நிற்கிறது, பூ குறைகிறது, பூ குறைந்தால் விதை குறைகிறது. முட்டையிலிருந்து மீண்டும் ஈயாவதற்குச் சுமார் இரண்டு மாதம். கொலம்பியாவிலிருந்து 1993-ல் இந்தோனேஷியாவுக்குச் சென்ற இந்த ஈ, 1995-ல் வடக்கு சுமத்ராவில் விடப்பட்டது. பின்னர் பப்புவா நியூகினி, குவாம் ஆகிய இடங்களிலும் பலன் தந்தது. பப்புவா நியூகினியில் தோட்டத்தில் களையெடுக்கும் நேரமே குறைந்துவிட்டதாக விவசாயிகள் கூறினர். இந்தியாவுக்கு 2002-ல் தருவிக்கப்பட்டு, சோதனைகள் முடித்து, 2005-ல் பெங்களூரில் வெளியில் விடப்பட்டது. அதன்பின் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் அனுப்பப்பட்டது.

நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா சுமார் 150 கிலோ மீட்டர்தான். திக்லிபூர் அதற்கு வெகு வடக்கே இருப்பது உண்மையே. ஆயினும், பெயர் தெரியாத எங்கோ ஒரு நாட்டுப் பூச்சியைப் பற்றி நாம் பேசவில்லை. நமது கடலின் அடுத்த கரையில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வரும் ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கவனிக்கத்தக்கது.

தோல்விகளும் உண்டு

வெற்றிகளை மட்டும் பட்டியலிட்டு வாசகர்களை மயக்குவது முறையாகாது. உண்ணிச்செடியை எடுத்துக்கொள்வோம். 1921-லேயே ஹவாயிலிருந்து இதற்குப் பூச்சி வந்தது. அதன்பின் எத்தனையோ பூச்சிகள். நூறாண்டு கழிந்தும் மலைக்காடுகளில் உண்ணிச்செடி செழித்தே இருக்கிறது. அது பல ஜாதிகள் கலந்த கலப்பினம். ஒரு வகைக்கு ஒத்துவரும் பூச்சி இன்னொரு வகைக்கு ஒத்துவருவதில்லை. மிக்கானியா கொடிக்கு 2005-லும் 2006-லும் அஸ்ஸாமிலும் கேரளத்திலும் ஒரு துருநோய்ப் பூஞ்சணம் விடப்பட்டது. பப்புவா நியூகினியிலும் ஃபிஜியிலும் நிலைத்த அது, இங்கே நிலைக்கவில்லை. ஆக, கொடிக்கு இன்றைக்கும் அரிவாள்தான் மருந்து.

அச்சம் எழுந்த சந்தர்ப்பமும் உண்டு. பார்த்தீனியத்தைத் தின்ன மெக்ஸிகோவிலிருந்து 1983-ல் ஒரு வண்டு பெங்களூருக்கு வந்து, 1984-ல் விடப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அந்த வண்டு சூரியகாந்தி வயலில் காணப்பட்டது. விவசாயிகள் கொதித்தனர். வண்டு விடுவது நிறுத்தப்பட்டு, விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. அருகில் இருந்த பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமேல் படிந்ததே வண்டை ஈர்த்தது என்றும், சூரியகாந்தியை நம்பி அது குடும்பம் நடத்த முடியாது என்றும் ஆய்வில் தெரிந்தது. பயம் நீங்கியது. ஆனால் ஓர் உண்மை புலனாயிற்று: பதில் கையில் இருந்தால் மட்டும் போதாது, கேள்வி எழுமுன் விவசாயியிடம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

தீவு மறக்காத விருந்தாளிகள்

தீவில் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை உணர்வு சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். அதற்குக் காரணங்கள் வெளியே இல்லை; இங்கேயே இருக்கின்றன. வெள்ளையர் ஆட்சியில் வேட்டைக்கும் அழகுக்குமென்று புள்ளிமான் கொண்டுவரப்பட்டது. புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் மான் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காடு புதுப்பிக்காமல் செய்கிறது. மாயாபந்தருக்கு மேற்கே உள்ள இன்டர்வியூ தீவில் ஒரு மரக் கம்பெனி 1962-ல் தொழிலை மூடியபோது, சுமார் 40 யானைகளை அப்படியே விட்டுச் சென்றது. அவை காட்டு யானைகளாகி மரங்களைச் சாய்த்தன. ஆப்பிரிக்க ராட்சச நத்தை தோட்டப் பயிரை இன்றும் அழிக்கிறது.

அந்த நத்தையை ஒழிக்கிறோம் என்று வேறு தீவுகளில் நடந்தது இதைவிடப் பெரிய விபரீதம். பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவில் 1977-ல் நத்தை தின்னும் நத்தை ஒன்றை விட்டார்கள். அது ராட்சச நத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சிறு நத்தைகளைத் தின்று பூண்டோடு அழித்தது. ஆஸ்திரேலியாவில் கள்ளியைத் தின்று மண்டபம் பெற்ற அந்துப்பூச்சிகூட, 1957-ல் கரீபியன் தீவுகளில் விடப்பட்ட பிறகு கடல் தாண்டி 1989-ல் ஃபுளோரிடாவை எட்டிவிட்டது. கள்ளியே சொத்தான மெக்ஸிகோவுக்கு அதனால் பெருங்கவலை.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. கண்டதைத் தின்னும் மிருகத்தை விடுவது வேறு. ஒரே செடியை நம்பி வாழும் பூச்சியைச் சோதித்து விடுவது வேறு. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? முதலில் களையின் நெருங்கிய உறவுச் செடிகளைப் பூச்சியின் முன் வைக்கிறார்கள். பிறகு தூரத்து உறவு. பிறகு நமக்கு வேண்டிய பயிர்கள். வேறு உணவே தராமல் பட்டினி போட்டும் பார்க்கிறார்கள். செத்தாலும் சாவேன், வேறொன்றைத் தின்ன மாட்டேன் என்று நிற்கும் பூச்சிக்கே அனுமதி. மூரியாவில் விடப்பட்ட நத்தை இத்தகைய பரீட்சையில் தேறியிருக்காது. ஆனால் கவனிக்க வேண்டியது இதுதான்: பெங்களூரில் நடந்த சோதனை, தாயகத்துச் செடிகளை மனத்தில் வைத்து நடந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் அந்தமான் காடுகளில் இருக்கின்றன. அவற்றில் உறவுச் செடிகள் எவையேனும் இருப்பின், அவற்றையும் சேர்த்துச் சோதிப்பதே நியாயம்.

கூலி என்ன ஆகும்?

நம்மவர்களில் பலருக்குத் தோன்றக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. களை வெட்டுவதே பலருக்குக் கூலி. பூச்சி வந்து களையைத் தின்றால் கூலிக்காரன் எதைத் தின்பது? இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியல்ல. குட்டநாட்டில் ஹெக்டேருக்கு 235 ரூபாய் மிச்சம் என்று எழுதினார்களே, அந்த மிச்சம் யாரோ ஒருவரின் கூலிதான்.

எனினும் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலாவது, களை முற்றிய நிலத்தில் சொந்தக்காரர் சாகுபடியையே விட்டுவிடுவார். அப்போது களை வெட்டும் கூலி மட்டுமல்ல, நடவு, அறுவடை, காய் பறிப்பு எல்லாமே போகும். இரண்டாவது, இன்று கூலிக்காரனின் அரிவாளுக்குப் போட்டியாக நிற்பது பூச்சி அல்ல, களைக்கொல்லி மருந்து. பத்துப் பேர் வெட்டும் இடத்தில் ஒருவர் தெளித்துவிட்டுப் போகிறார். அந்த ஒருவரும் நம்மில் ஒருவரே. கையுறை இல்லை, முகமூடி இல்லை, எதிர்க்காற்று. பாராகுவாட் போன்ற மருந்து உடலுக்குள் சென்றால் மாற்று மருந்தே கிடையாது என்பதை டாக்டர்கள் சொல்லி வருகின்றனர். முதுகில் சுமக்கும் அந்த விஷத்தின் தேவை குறையுமானால், லாபம் முதலில் தொழிலாளிக்கே. மேலும் பூச்சி ஒருபோதும் களையை அடியோடு ஒழிப்பதில்லை. ஒழித்தால் அதற்கே உணவில்லை. களையின் வேகத்தைத் தணிக்கும். மிச்சத்தை மனிதன் கைதான் முடிக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

ஆகவே, இத்தீவில் எந்தப் பூச்சியை விடுவதானாலும், கிராமப் பஞ்சாயத்தும் விவசாயிகளும் நான்கு கேள்விகளுக்கு விடை கேட்பது நல்லது. எந்தக் களைக்கு, எந்தப் பூச்சி. செடியின் ஜாதி சரியாக நிர்ணயிக்கப்பட்டதா? தீவுக்கே உரிய செடிகள்மேல் சோதித்துப் பார்த்தார்களா? விட்டபின் ஆண்டுதோறும் கவனித்து எழுதி வைக்கப்போவது யார்? பலிக்காவிட்டால் அடுத்த ஏற்பாடு என்ன?

இவற்றுக்கு விடை சொல்லத் தகுதியான நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிலையம் இருக்கிறது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், 1978-ல் தொடங்கப்பட்ட தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பூச்சி கொண்டுவர 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். இந்த வாசல் வழியே வரட்டும். சட்டைப்பையில், தீப்பெட்டியில், உறவினர் கொடுத்தனுப்பிய டப்பாவில் வரவேண்டாம். கேரளத்தில் பலித்தது என்று கேள்விப்பட்டு நாமே நாலு முடிச்சைப் பறித்து வந்தால், கூடவே எந்த நோய் வருகிறது, எந்த ஒட்டுண்ணி வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

பூச்சி விடப்படும் இடத்தில் பொறுமையும் வேண்டும். ஈ பெருகுமுன் புதரை வெட்டி எரித்தாலோ, மருந்தடித்தாலோ, முடிச்சோடு ஈயும் போகும். ஓரமாகச் சில புதர்களை விட்டுவைக்க நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறும் நாமும் ஒன்று செய்யலாம். பூந்தொட்டி, வேர்மண், பெயர் தெரியாத விதை இவற்றை மூட்டையில் கட்டாமல் இருக்கலாம். அடுத்த களை அப்படித்தான் வரும்.

முடிவாகச் சொல்வதானால், குரோமோலீனாவுக்கு அந்தச் சிறு ஈயை உரிய சோதனையுடன் இத்தீவுகளுக்குப் பரிசீலிக்கலாம். அதற்கு நம் நாட்டு அனுபவமும் தீவு நாடுகளின் அனுபவமும் துணை நிற்கின்றன. மிக்கானியாவுக்கு இன்னும் காலம் கனியவில்லை. பூச்சி மட்டும் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எண்ணுவதும் தவறு; பூச்சியே ஆபத்து என்று கதவடைப்பதும் தவறு. 1795-ல் கம்பெனிக்காரர்கள் சாயத்துக்கு ஆசைப்பட்டு, தெரியாமல் ஒரு நன்மை செய்தார்கள். மானையும் நத்தையையும் கொண்டு வந்தவர்கள் தெரியாமல் தீமை செய்தார்கள். தெரிந்து செய்யும் வசதி நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே விவேகம்.